ஒரு கிலோமீட்டர் எங்கே முடிகிறது?

கணக்கு வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "சார், ஆக்டிவிட்டிக்கு என்னென்ன வாங்கி வைக்கணும்?" என்பதுதான். கேள்வி தப்பில்லை. ஆனால் பொருள் இல்லாததால் ஓர் ஆக்டிவிட்டி நின்றுபோய் நான் பார்த்ததில்லை. சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பு மேடம் சண்டைக்கு வந்ததால் நின்றிருக்கிறது. போர்ஷன் முடியவில்லை என்று நின்றிருக்கிறது. "பீஸ் கட்டுறது விளையாடறதுக்கா?" என்று ஒரு அப்பா கேட்டதால் ஒரு வருஷம் முழுக்க நின்றிருக்கிறது. ஐஸ் குச்சி கிடைக்காமல் நின்றதே இல்லை.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது வேறு ஒன்று. ஓர் ஆக்டிவிட்டியைத் தொடங்கி வைக்க நம் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே முடிகிறது என்று பிள்ளைகளிடம் சொல்ல மட்டும் மறந்துவிடுவோம். நமக்கு அது சொல்லாமலே தெரியும் அல்லவா, அதனால்.

ஒருமுறை நான்காம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது காகிதத்தைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போகச் சொன்னேன். பாதி, கால், அரைக்கால் என்று எல்லோரும் மடித்தார்கள். நானும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகு வந்து பார்த்தால் ஒருவன் அந்த மடித்த காகிதத்தைப் பெஞ்சின் காலுக்கு அடியில் வைத்து, பெஞ்சின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறான். டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை. "இன்னும் ஒரு பாதி வரும் சார்" என்றான். பிள்ளைகள் அப்படித்தான். நாம் நிறுத்தச் சொல்லாததை அவர்கள் நிறுத்த மாட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஏனென்றால் காகிதம் மடிப்பதில் யாருக்கும் ஆபத்து இல்லை. இனிமேல் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அப்போது நான் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருக்களில் ஒன்றில் மூன்று மாடிக் கட்டடம். முன்னால் கிரவுண்டு என்ற பெயரில் கொஞ்சம் மண்தரை. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் கார்மெண்ட்ஸில் தைப்பவர்கள். தமிழ், கன்னடம், உருது, ஹிந்தி எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு புது மிஸ் வந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும். யாரென்று புரிந்துவிட்டால் புரியாதது மாதிரி இருந்துவிடுங்கள். வாணியம்பாடிக்காரர், பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தார். முதல் வேலை, இன்னும் ப்ரொபேஷன் முடியவில்லை. ஊரில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. "வேலை பெர்மனென்ட் ஆயிட்டா அப்பா கொஞ்ச நாள் விட்டுடுவாரு சார். இல்லன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு கிளம்ப வேண்டியதுதான்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வேலையை அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

நல்ல டீச்சர். கிலோமீட்டர் பாடம் வந்தபோது, "இங்கேயிருந்து ஒரு கிலோமீட்டர்னா எது வரைக்கும்?" என்று வகுப்பில் கேட்டிருக்கிறார். ஒருத்தி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் என்றாள். ஒருவன் ஓசூர் என்றான். கடைசி பெஞ்சில் ஒருவன் டாய்லெட் வரைக்கும் என்றான். ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று எல்லோரும் தப்பில்லாமல் எழுதுகிறார்கள், ஆனால் கிலோமீட்டர் எவ்வளவு நீளம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அப்படி வருத்தப்படுகிறவர்கள் நம் தொழிலில் குறைவு.

எங்கள் அறையில் ஓர் அளவுச் சக்கரம் இருந்தது. பிளைவுட்டை வட்டமாக அறுத்து, சுற்றளவு சரியாக ஒரு மீட்டர் வரும்படி செய்து, நடுவில் ஒரு நீளமான கைப்பிடி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டை தட்டி 'டக்' என்று சத்தம் வரும். உருட்டிக்கொண்டு போய் டக்குகளை எண்ணினால் மீட்டர் கணக்கு வந்துவிடும். புது மிஸ் அதை எடுத்துக்கொண்டு போனார்.

வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தார். சிலருக்குக் கயிறு கொடுத்து வராண்டாவை அளக்கச் சொன்னார். சிலருக்கு டேப் கொடுத்துப் படிக்கட்டு. சக்கரம் பவித்ராவுக்கும் ஆயிஷாவுக்கும் கிடைத்தது. "உருட்டிக்கிட்டே போங்க. நூறு நூறுக்கு சாக்பீஸால மார்க் பண்ணுங்க. ஆயிரம் வந்ததும் வந்து சொல்லுங்க. ரோட்டை மட்டும் தாண்டக் கூடாது" என்றார். மாலையில் கேட் டியூட்டி அவருடையது. அதனால் அந்தக் கடைசி வாக்கியம் எந்நேரமும் அவர் வாயில் இருக்கும். 'சாதம் சிந்தாம சாப்பிடுங்க, ரோட்டைத் தாண்டக் கூடாது' என்று சொல்கிறவர் அவர்.

கிரவுண்டைத்தான் மனதில் வைத்துச் சொன்னார். சுற்றிச் சுற்றி உருட்டினால் ஆயிரம் வந்துவிடும் என்று நினைத்தார். ஆனால் கிரவுண்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அங்கே அந்த நேரம் எட்டாம் வகுப்பு த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் தண்ணீர் டேங்கர் வந்து, கேட் விரியத் திறந்து கிடந்தது. வாட்ச்மேன் டேங்கர் டிரைவரோடு ஓஸ் பைப்பை இழுத்துப் போராடிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சக்கரத்தோடு வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை.

வராண்டாக் குழுவும் படிக்கட்டுக் குழுவும் திரும்பிவந்து, விடைகளை எழுதி முடித்து, சண்டையும் போட்டு முடித்த பிறகுதான் புது மிஸ் சக்கரக் குழுவைத் தேடியிருக்கிறார். கிரவுண்டில் இல்லை. டாய்லெட்டில் இல்லை. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், ரெண்டு பேர" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை அவர் முகம் சொல்லிவிட்டது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளையைக் காணோம் என்றதும் எல்லோருக்கும் கால்தான் முதலில் வேலை செய்யும். பி.டி. சார் பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூர் ரோடு பக்கம் பறந்தார். கன்னட மேடம் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். பிரின்சிபல் மேடம் என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பேரன்ட்ஸுக்கு இப்போ சொல்ல வேணாம் சார். ஒரு பத்து நிமிஷம் தேடிப் பார்த்துட்டு சொல்லலாம். இப்பவே சொன்னா வாட்ஸ்அப் குரூப்புல போட்டுடுவாங்க, அப்புறம் ஸ்கூல் வாசல்ல நிக்க முடியாது."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மேலே நிர்வாகம் இருந்தது. "மேடம், சொல்லாம விட்டா பத்து நிமிஷம் இருபது ஆகும். அவங்க பிள்ளைங்க. நாமளா சொல்லணும், வேற யாரோ சொல்லிக் கேக்கக் கூடாது" என்றேன். அவர் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் புரட்டி நம்பரைத் தேடினார். பிறகு போனை எடுத்தார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். ஆயிஷாவின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர், அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பவித்ராவின் அம்மா கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர். சூப்பர்வைசர் மூலமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். நமக்குத் தெரிந்ததை அவருக்கும் சொல்லியாகிவிட்டது என்பதே எனக்குப் பாதி பலம்.

அடுத்து நான் செய்தது தேடப் போகிறவன் செய்கிற வேலை மாதிரி யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். "மிஸ் பவித்ரா கிட்ட என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்று முன்னால் இருந்த பிள்ளையைக் கேட்டேன். பெரியவர்கள் சொன்னதைப் பெரியவர்களே மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அவள் மிஸ் மாதிரியே கையை ஆட்டி, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். உருட்டிக்கிட்டே போங்க. நூறு நூறுக்கு மார்க். ஆயிரம் வந்ததும் வந்து சொல்லுங்க. ரோட்டைத் தாண்டக் கூடாது.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது. இந்தப் பிள்ளைகள் ஓடிப்போகவில்லை. வழி தவறவும் இல்லை. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். சொன்னதை மட்டும் செய்கிற பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தால் போதும்.

புது மிஸ்ஸையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவரை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. கேட்டை விட்டு இடது பக்கம் நடந்தோம், ஏனென்றால் வலது பக்கம் நேரே போனால் பள்ளி முனையிலேயே தெருவைத் தாண்ட வேண்டும். காண்டிமென்ட்ஸ் என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை வாசலில், நடைபாதைக் கல்லில், அழகான கையெழுத்தில் சாக்பீஸால் '100' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தது. புது மிஸ் அதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தார். "அழறதுக்கு இன்னும் நேரம் இருக்கு, நடங்க" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

'200' ஒரு பிஜி கட்டடத்தின் படிக்கட்டில் இருந்தது. தெருமுனை வந்தது. நேரே போனால் ஓசூர் ரோடு, லாரி, பஸ், கால் டாக்ஸி எல்லாம் போகிற இடம். பி.டி. சார் அந்தப் பக்கம்தான் பைக்கில் போயிருந்தார். நேரே போகக் குறுக்குத் தெருவைத் தாண்ட வேண்டும். இவர்கள் தாண்ட மாட்டார்கள். அதனால் இடது பக்கம் திரும்பியிருப்பார்கள் என்று திரும்பினேன். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியிருந்த சுவரில் '300' இருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சுவரைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

நானூறும் ஐந்நூறும் கிடைத்தன. மறுபடியும் ஒரு முனை, மறுபடியும் இடது பக்கம். அங்கேதான் ராஜகாலுவே ஓடுகிறது. பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: மழைத் தண்ணீர் போகிற பெரிய கால்வாய். முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்திருந்ததால் உள்ளே கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. அதன் ஓரத்துத் தடுப்புச் சுவரில் '600' என்று எழுதியிருந்தது. இரண்டு அடி தள்ளிச் சுவர் உடைந்து கிடந்தது. ஒரு பிள்ளை நுழைகிற அளவுக்கு.

அதற்குப் பிறகு எழுத்தே இல்லை.

நான் நூறு மீட்டர் தூரத்தை என் நடையால் அளந்து போனேன். சுவர், கம்பம், கடைப் பலகை எல்லாம் பார்த்தேன். எழுநூறு இல்லை. இன்னும் கொஞ்சம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். புது மிஸ் அந்த உடைந்த சுவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் பை மிதந்து வந்தாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வேலைக்காலத்தில் அந்த மாதிரிப் பயந்தது கிடையாது. கிழிந்த சாக்கு ஒன்று நீல நிறத்தில் கம்பியில் மாட்டியிருந்ததை யூனிஃபார்ம் என்று நினைத்து, கீழே இறங்க செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. பிரின்சிபல் மேடம். "சார், வாட்ச்மேன் பார்த்தானாம். ரெண்டு பேரும் கேட்டுக்கு வந்தாங்களாம்."

"உள்ள உக்கார வைங்க மேடம், வந்துட்டோம்."

"உள்ள வரல சார். கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்களாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். வந்த வழியே திரும்பாமல், பிள்ளைகள் போயிருக்கக்கூடிய வழியிலேயே முன்னால் ஓடினோம். அடுத்த முனையிலும் இடது பக்கம். ஓடும்போதுதான் மண்டையில் உறைத்தது. ரோட்டைத் தாண்டாமல், திரும்பும் இடமெல்லாம் இடது பக்கமே திரும்பிக்கொண்டு போகிறவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள்? கிளம்பின இடத்துக்கேதான். புறப்பட்டதிலிருந்து அந்தப் பிள்ளைகள் பள்ளியைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களை விட்டு ஓரடி வெளியே போகவில்லை. நாங்கள்தான் ஊரெல்லாம் தேடினோம்.

வாட்ச்மேன் கேட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "ஈகதானே ஹோத்ரு சார், இப்பதான் போனாங்க. நான் கூப்டேன். 'இன்னும் ஆயிரம் முடியல அங்கிள், இருங்க'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போய்ட்டாங்க" என்று காண்டிமென்ட்ஸ் கடைப் பக்கம் கையைக் காட்டினார்.

அவர்கள் அங்கே இருந்தார்கள். பவித்ரா சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால். ஆயிஷா பக்கத்தில், ஒரு கையின் விரல்களை மடக்கிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு. டக், டக் என்று சத்தம். வெயிலில் முகம் சிவந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நான் "பவித்ரா" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஆயிஷா மட்டும் இன்னொரு கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள்.

"பேசாதீங்க சார். எண்ணிக்கை போயிடும். தொள்ளாயிரத்து எழுபத்தி ரெண்டு, தொள்ளாயிரத்து எழுபத்தி மூணு."

போன உயிர் திரும்பி வந்தது. கோபமும் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். சக்கரத்தைப் பிடுங்கி, காதைத் திருகி இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று கை பரபரத்தது. ஆனால் பக்கத்தில் புது மிஸ் அவர்கள் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு, சுடிதார் முழங்காலில் கால்வாய்ச் சேறோடு. நானும் நடந்தேன். இனி ஆபத்து இல்லை, பாக்கி இருந்தது சில டக்குகள்தான். அந்த நேரத்தில் பிடுங்கியிருந்தால் அந்த இரண்டு பேருக்கும் கிலோமீட்டர் என்றால் அடி வாங்கின தூரம் என்று ஆகியிருக்கும்.

ஆயிரம் ஒரு கோழிக்கடை வாசலில் முடிந்தது. பவித்ரா சக்கரத்தை நிறுத்திவிட்டு, அங்கே கிடந்த உடைந்த செங்கலை எடுத்து வைத்து அடையாளம் செய்தாள். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்த்தாள். "சாக்பீஸ் அறுநூறுலயே தீந்துபோச்சு சார். அதுக்கப்புறம் ஆயிஷா விரல்லயே எண்ணிட்டு வந்தா. மிஸ், ஒரு கிலோமீட்டர்னா ஸ்கூலை ஃபுல்லா சுத்தி வந்து, கோழிக்கடை வரைக்கும்" என்றாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து, "ஏன் மிஸ் அழறீங்க?" என்றும் கேட்டாள்.

பள்ளிக்குள் போனதும் பிரின்சிபல் மேடம் இரண்டு பிள்ளைகளையும் தண்ணீர் குடிக்கவைத்தார். பிறகு புது மிஸ்ஸை அழைத்தார். என்னையும் வைத்துக்கொண்டே பேசினார். "எனக்கு உங்க மேல கோபம் இல்லம்மா. ஆனா கம்ப்ளைன்ட்னு ஒண்ணு வந்துட்டா மேனேஜ்மென்ட் ப்ரொபேஷன்ல இருக்கறவங்கள வெச்சுக்க மாட்டாங்க. அந்தம்மா வந்து என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றார். புது மிஸ் தலையை ஆட்டினார்.

பவித்ராவின் அம்மா வந்தபோது ஃபாக்டரி ஐடி கார்டு கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோ கிடைக்காமல் பாதி தூரம் ஓடி வந்திருக்கிறார். மகளை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை தடவிப் பார்த்தார். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகு அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "யாரு அனுப்புனது?" என்றார்.

துறையைப் பார்ப்பவன் நான், பதில் என்னிடமிருந்து வர வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் புது மிஸ் ஓரடி முன்னால் வந்து, "நான்தான்மா. வெளிய போகச் சொல்லல. ஆனா உள்ளயே இருங்கன்னும் சொல்லல. தப்பு என்னுதுதான்" என்றார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. "திட்டணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கினே வந்தேன். இப்ப திட்டறதுக்குத் தெம்பில்ல மிஸ். நாளைக்குக் காலைல வரேன்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆயிஷாவின் அப்பா சாயங்காலம் பதறிக்கொண்டு வந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "மீட்டர்படி போறது எங்க வீட்டுல இவ ஒருத்திதான் சார்" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் பக்கம் பிரச்சினை இல்லை. பாக்கி இருந்தது அந்த அம்மாதான்.

மறுநாள் காலை ப்ரேயருக்கு முன்னாலேயே அவர் வந்து நின்றார். கையில் பெரிய பை. ஷிஃப்டுக்குப் போகிற வழி. புது மிஸ் இரவே அப்பாவிடம் பேசிவிட்டதாகவும், எது நடந்தாலும் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டதாகவும் என்னிடம் சொல்லியிருந்தார். பிரின்சிபல் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். உட்காரச் சொன்னபோது அந்த அம்மா உட்காரவில்லை.

சொன்னபடி திட்டினார். நான் கேட்ட திட்டுகளில் அது முதல் தரம். கேட் எதற்கு இருக்கிறது, வாட்ச்மேன் எதற்கு இருக்கிறான், பீஸ் எதற்கு வாங்குகிறீர்கள், கால்வாய்ப் பக்கம் சுவர் உடைந்து கிடப்பது இந்தப் பள்ளியில் ஒருத்தருக்கும் தெரியாதா, நேற்று லைனிலிருந்து எழுந்து எப்படி ஓடிவர வேண்டியிருந்தது தெரியுமா என்று ஒன்றையும் விடவில்லை. குரல் ஒருமுறை உடைந்தது, சமாளித்துக்கொண்டு மறுபடியும் திட்டினார். புது மிஸ் தலையைக் குனியாமல், அவர் முகத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒரு இடத்திலும் "ஆனா" என்று சொல்லவில்லை. நான் மனதுக்குள் அவருக்கு வேறு பள்ளி எங்கே பார்க்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பிரின்சிபல் மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க கம்ப்ளைன்ட் குடுக்கறதா இருந்தா" என்று ஆரம்பித்தார்.

"கம்ப்ளைன்ட்டா? அதான் நேர்லயே சொல்லிட்டேனே மேடம். இன்னும் யாருகிட்ட சொல்லணும்?" என்றார் அந்த அம்மா. பிறகு பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். உள்ளே ஃபாக்டரியில் தூக்கிப்போடுகிற நூல் கோன்கள், நூல் தீர்ந்துபோன வெறும் கூம்புகள், வாய் வரை நிரம்பியிருந்தன. "அடுத்த வாரம் ஏதோ கூம்பு, சிலிண்டர்னு செய்யப் போறாங்களாமே. ராத்திரியெல்லாம் நச்சரிச்சா. சூப்பர்வைசர் கிட்ட கேட்டு எடுத்தாந்தேன். க்ளாஸு முழுக்கப் போதுமா மிஸ்?"

புது மிஸ் ஒரு கோனைக் கையில் எடுத்து, போதும் என்று தலையாட்டினார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அந்த அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அட, அழாதீங்க மிஸ், ஷிஃப்டுக்கு லேட்டாவுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு வரை போனவர் நின்று, "கேட்டை மட்டும் சாத்தி வெச்சுட்டு சொல்லிக் குடுங்க" என்றார்.